விமானியின் கை ஏன் பின்னுக்கே இழுத்தது?

வாசகர் கேள்வி: தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். இருபத்திரண்டு ஆண்டுகளாகத் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டுகிறேன். என் மகள் பிளஸ் டூவில் இயற்பியலும் கணக்கும் படித்துத் தேறியிருக்கிறாள். விமானி ஆக வேண்டும் என்கிறாள். ஜீரோ கேட் வரிசையில் வண்டியோடு காத்திருந்த ஓர் இரவில், 2009-ல் அட்லாண்டிக் கடலில் விழுந்த ஏர் பிரான்ஸ் விமானத்தைப் பற்றிய காணொளியைப் பார்த்தேன். விமானம் ‘ஸ்டால்’ ஆனது என்றும், விமானி கடைசி வரை மூக்கை மேலே தூக்கிக்கொண்டே இருந்தார் என்றும் அதில் சொன்னார்கள். ஸ்டால் என்றால் எங்கள் வண்டி ஆஃப் ஆவதைப் போல எஞ்சின் நின்றுபோவதா? பயிற்சி பெற்ற ஒருவர் அப்படி ஏன் செய்தார்? எங்கள் தொழிலில் எந்த விபத்துக்கும் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ என்று எஃப்.ஐ.ஆர். எழுதிவிடுவார்கள், விமானத்திலும் அப்படித்தானா? என் அண்ணன், ‘ஒரு கை தவறினால் இருநூறு உயிர், அந்தப் பழி நம் வீட்டுப் பெண்ணுக்கு வேண்டாம்’ என்கிறார். நான் என்ன முடிவெடுப்பது?

பதில்:

அன்புள்ள ஐயா,

அந்த விமானத்தின் இரண்டு எஞ்சின்களும் கடலைத் தொடும் நொடி வரை ஓடிக்கொண்டுதான் இருந்தன. வண்டி ஆஃப் ஆவதற்கும் விமானம் ஸ்டால் ஆவதற்கும் பெயர் ஒன்றாக இருப்பதைத் தவிர வேறு உறவு இல்லை. விமானத்தில் ஸ்டால் ஆவது இறக்கை. இறக்கையின் மேற்பரப்பை ஒட்டி வழுக்கிச் செல்ல வேண்டிய காற்று அதை விட்டுப் பிய்ந்து சுழலத் தொடங்கும்போது, விமானத்தைத் தூக்கிப் பிடித்திருந்த விசை சரிந்துவிடுகிறது. எஞ்சின் முழு விசையில் முழங்கிக்கொண்டிருக்கும்போதும் இது நடக்கலாம்.

தண்டையார்பேட்டைக்காரருக்குக் காத்தாடியை வைத்துச் சொல்வதே எளிது. மொட்டை மாடியில் நின்று காத்தாடி விட்ட எவருக்கும், அதன் நெஞ்சில் கட்டும் சூத்திரக்கயிறு சரியாக அமையாவிட்டால் என்ன ஆகும் என்பது தெரியும். காற்றுக்கு எதிரே அளவாகச் சாய்ந்து நிற்கும் காத்தாடி ஏறும். அளவுக்கு மீறி நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் காத்தாடி, கயிற்றை எவ்வளவு இழுத்தாலும் ஏறாமல் நடுங்கிப் பின்வாங்கி அடுத்த வீட்டு மாடியில் விழும். இறக்கையும் அப்படித்தான். எதிர்வரும் காற்றுக்கும் இறக்கைக்கும் இடையே உள்ள சாய்வைத் தாக்குகோணம் என்கிறோம். அது கூடக் கூடத் தூக்குவிசையும் கூடும். ஆனால் ஓர் எல்லை உண்டு. சாதாரண இறக்கைக்கு அது ஏறத்தாழ 15 டிகிரி. அதிக உயரத்தில், அதிக வேகத்தில், அந்த எல்லை இன்னும் முன்னதாகவே வந்துவிடும். எல்லையைத் தாண்டிய பிறகு மூக்கை எவ்வளவு தூக்குகிறீர்களோ அவ்வளவுக்கு நிலைமை மோசமாகும். மீள்வதற்கு உள்ள வழி ஒன்றுதான்: விமானி கையில் பிடிக்கும் கட்டுப்பாட்டுக் கோலான ஸ்டிக்கை முன்னே தள்ளி மூக்கைத் தாழ்த்தி, கோணத்தைக் குறைத்து, காற்றை மறுபடியும் இறக்கையோடு ஒட்டவைப்பது. அதற்கு விலையாகக் கொஞ்சம் உயரத்தை இழக்க வேண்டியிருக்கும்.

இப்போது நீங்கள் பார்த்த விபத்துக்கு வருகிறேன். 2009 ஜூன் 1 அன்று, ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸுக்கு 228 பேருடன் சென்ற ஏர்பஸ் ஏ330 விமானம் அது. 35,000 அடி உயரத்தில், இடிமேகங்கள் நிறைந்த பகுதியில், வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய்களைப் பனித்துகள்கள் அடைத்தன. அந்த வகைக் குழாய்களை மாற்றும் வேலையை நிறுவனம் அப்போதுதான் தொடங்கியிருந்தது; இந்த விமானத்தின் முறை இன்னும் வரவில்லை. வேகம் தெரியாமற்போனதும் ஆட்டோ பைலட் தானாகக் கழன்றுகொண்டது. கேப்டன் ஓய்வறையில் இருந்தார். வலப்பக்க இருக்கையில் இருந்த துணை விமானி ஸ்டிக்கைப் பின்னுக்கு இழுத்தார். மூக்கையும் எஞ்சின் விசையையும் தெரிந்த அளவில் வைத்துவிட்டுப் பொறுத்திருந்தாலே போதும் என்ற நிலை அது; ஒரு நிமிடத்துக்குள் வேகமானிகள் சரியாகிவிட்டன. ஆனால் அதற்குள் விமானம் ஏறத்தாழ 38,000 அடிக்கு ஏறி, வேகத்தை இழந்து, ஸ்டால் ஆகிவிட்டது. ஆட்டோ பைலட் கழன்றதிலிருந்து கடலில் விழுந்தது வரை நான்கரை நிமிடம்கூட ஆகவில்லை.

கடைசி நொடியின் பதிவைப் பாருங்கள்: மூக்கு 16 டிகிரி மேல்நோக்கி நிற்கிறது, விமானமோ நிமிடத்துக்கு 10,900 அடிக்கு மேல் கீழே இறங்குகிறது, முன்னே செல்லும் வேகம் 107 நாட். கிலோமீட்டரில் கணக்கிட்டால், முன்னே போகும் வேகமும் கீழே விழும் வேகமும் இரண்டுமே மணிக்கு ஏறத்தாழ 200. மூக்கு வானத்தைப் பார்த்திருந்தாலும் காற்று வயிற்றுப்பக்கமிருந்துதான் மோதிக்கொண்டிருந்தது. இருட்டில், வெளியே ஒன்றும் தெரியாத நிலையில், இது உடம்புக்குப் புரியாது. வெளியே பார்த்தால் தெரியாத ஒன்றைக் கருவியைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்; அந்த விமானி அறையிலோ தாக்குகோணத்தை நேரடியாகக் காட்டும் கருவி விமானிகளின் கண்முன் இல்லை.

ஸ்டால் எச்சரிக்கை ஒலி இருந்ததே என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது; ஒரு கட்டத்தில் 54 நொடிகள் விடாமல் ஒலித்தது. ஆனால் அளக்கப்பட்ட வேகம் 60 நாட்டுக்குக் கீழே போனால், ‘இந்த அளவீடுகளை நம்ப முடியாது’ என்று கணினி அந்த ஒலியை நிறுத்திவிடும்படி அந்த விமானம் வடிவமைக்கப்பட்டிருந்தது. அதன் விளைவு விபரீதமானது. ஸ்டிக்கை இழுத்துப் பிடித்திருந்தபோது ஒலி அடங்கியது. சற்றே முன்னே விட்டு மூக்கைத் தாழ்த்தியபோது வேகம் மீண்டும் கணக்கில் வந்து ஒலி தொடங்கியது. சரியானதைச் செய்தால் திட்டும், தவறானதைச் செய்தால் வாய்மூடிக்கொள்ளும் ஓர் எச்சரிக்கையை வைத்துக்கொண்டு யார்தான் திசை தெரிந்துகொள்வார்? போதாதற்கு, ஏர்பஸ்ஸின் இரண்டு சைடு ஸ்டிக்குகளும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டவை அல்ல. வலப்பக்கத்தவர் இழுப்பது இடப்பக்கத்தவரின் கைக்குத் தெரியாது. தான் இவ்வளவு நேரமும் இழுத்துக்கொண்டே இருந்ததை அவர் வாய்விட்டுச் சொன்னது, விமானம் 10,000 அடிக்குக் கீழே வந்த பிறகுதான். அதற்குள் உள்ளே வந்திருந்த கேப்டனுக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. மீட்பதற்குத் தேவையான உயரம் அப்போது மிச்சமில்லை.

சரி, முதலில் ஏன் இழுத்தார்? இதற்கு விடை உங்கள் தொழிலிலேயே இருக்கிறது. மழையில் நனைந்த எண்ணூர் நெடுஞ்சாலையில், பாரம் ஏற்றாத ட்ரெய்லரோடு வரும்போது முன்னால் ஏதாவது குறுக்கிட்டால், கால் தானாகப் பிரேக்கில் போய் நிற்கும். முழுதாக மிதித்தால் பின்வண்டி பக்கவாட்டில் வீசும் என்பது உங்களுக்குத் தெரியும். புதிதாக வந்த ஓட்டுநருக்கும் காதால் கேட்டுத் தெரியும். ஆனால் தெரிந்திருப்பது தலையில், மிதிப்பது கால். விமானியின் கையும் அப்படிப்பட்டதே. மற்ற எல்லா நேரத்திலும் இழுத்தால் விமானம் ஏறும். ஆயிரக்கணக்கான மணி நேரம் அப்படியே பழகிய கை, ‘விழுகிறோம்’ என்று உணர்ந்ததும் இழுக்கவே செய்யும். அதிலும் ஏர்பஸ் விமானத்தில் கணினிகள் நல்ல நிலையில் இருக்கும்போது ஸ்டிக்கை முழுதாக இழுத்தாலும் ஸ்டால் ஆகாமல் அவை தடுத்துவிடும். வேக அளவீடு கெட்டுப்போன அன்றிரவு அந்தப் பாதுகாப்பு விலகியிருந்தது. பல ஆண்டுகள் காப்பாற்றிய பழக்கமே அந்த நான்கு நிமிடத்தில் எதிரியாகிவிட்டது.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல இடம் கொடுங்கள். மீனம்பாக்கத்தில் புஷ்பக் என்ற இரண்டு இருக்கைப் பயிற்சி விமானத்தில் முதன்முறையாக ஸ்டால் பழகியபோது, அதற்கு முந்தின நாள் பாடத்தை வரி பிசகாமல் ஒப்பித்திருந்தேன். விமானம் உதறி, இடது இறக்கை சரிந்ததும், ஸ்டிக்கை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்து இழுத்தேன். ஆசிரியர் என் கையைத் தட்டிவிட்டுத்தான் விமானத்தை மீட்டார். பிறகு ஒரு வாரம் அதையே திரும்பத் திரும்பச் செய்யவைத்தார். வடசென்னையின் பாக்ஸிங் வாத்தியார்கள், குத்து வரும்போது கண்ணை மூடாதே என்பதை வாயால் சொல்லி விட்டுவிடுவதில்லை. முகத்துக்கு நேரே குத்தைக் காட்டிக் காட்டியே பழக்குகிறார்கள். ஸ்டாலும் அப்படிப் பழக வேண்டிய ஒன்று.

வருந்தத்தக்க உண்மை என்னவென்றால், பெரிய விமானங்களில் வெகுகாலம் அப்படிப் பழக்கவில்லை. விமானி அறையைப் போலவே தரையில் அமைத்த பயிற்சிக் கருவியான சிமுலேட்டரில் எச்சரிக்கை ஒலி கேட்டதுமே எஞ்சின் விசையைக் கூட்டி, உயரம் குறையாமல் பிடித்துக்கொண்டு வெளியேறுவதே பயிற்சியாக இருந்தது. ஓர் அடிகூட இழக்காதவருக்கு நல்ல மதிப்பெண். உயரத்தைக் கைவிடாதே என்று பழக்கிவிட்டு, உயரத்தைக் கைவிட வேண்டிய இடத்தில் ஏன் விடவில்லை என்று கேட்டோம். 2009-ன் விபத்துகளுக்குப் பிறகே இது மாறியது. முதலில் கோணத்தைக் குறை, உயரத்தைப் பிறகு பார்க்கலாம் என்பதை அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2012-ல் வழிகாட்டுதலாக வெளியிட்டது. 2019 முதல் அங்குள்ள விமான நிறுவனங்களின் விமானிகள் முழு ஸ்டாலையே சிமுலேட்டரில் அனுபவித்து மீள வேண்டும் என்பது கட்டாயமாயிற்று.

எஃப்.ஐ.ஆர். பற்றிய உங்கள் கேள்வி கூர்மையானது. அதற்கு நேர்மையாகவே பதில் சொல்ல வேண்டும். சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் 13-ஆவது பிற்சேர்க்கை, விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் இனி விபத்து நடக்காமல் தடுப்பது என்றும், பழியையோ பொறுப்பையோ சுமத்துவது அதன் நோக்கம் அன்று என்றும் சொல்கிறது. இந்தியாவில் 2012 முதல் அதற்கென்று விமான விபத்து விசாரணைப் பிரிவு தனியாகச் செயல்படுகிறது. காவல்துறை வழக்கு வேறு, நீதிமன்றம் வேறு. ஆனாலும் அறிக்கை வெளிவரும் முன்பே செய்திகளில் ‘விமானியின் தவறு’ என்ற மூன்றாம் நாள் தீர்ப்பு வந்துவிடுவதும், இறந்துபோன விமானியால் மறுத்துப் பேச முடியாது என்பது பலருக்கு வசதியாக இருப்பதும் உண்மையே. நீங்கள் அறிந்த ‘அஜாக்கிரதை’யின் உறவுக்காரர் விமானத்துறையிலும் உண்டு.

அதற்காக விமானிகள் தவறே செய்வதில்லை என்று நான் வாதாட மாட்டேன். அதே 2009-ஆம் ஆண்டு பிப்ரவரி 12 அன்று, அமெரிக்காவின் பஃபலோ அருகே கோல்கன் ஏர் நிறுவனத்தின் கியூ400 விமானம் விழுந்து, தரையில் இருந்த ஒருவரையும் சேர்த்து 50 பேர் இறந்தார்கள். ஸ்டால் நெருங்குவதைச் சொல்லும் அதிர்வு கைப்பிடியில் வந்தபோது விமானம் இன்னும் ஸ்டால் ஆகவில்லை. கேப்டன் இழுத்ததால்தான் ஆயிற்று. இயந்திரம் தானாகவே கைப்பிடியை முன்னே தள்ளியபோது அதையும் எதிர்த்து இழுத்தார். கேப்டனின் அந்தச் செயலே காரணம் என்று விசாரணை வாரியம் வெளிப்படையாக எழுதியது. ஆனால் எழுதிவிட்டு அங்கேயே நிற்கவில்லை. கேப்டன் முன்பு தேர்வுகளில் தோற்றது ஏன் கவனிக்கப்படவில்லை, கைப்பிடியைத் தள்ளும் அந்த இயந்திரத்தைச் சிமுலேட்டரில் அவருக்கு ஏன் காட்டவில்லை, சியாட்டிலிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து வேலைக்கு வந்த துணை விமானி எங்கே தூங்கினார் என்றெல்லாம் கேட்டது. வரிசையில் வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங் மேல் தலைசாய்த்துத் தூங்கிய உங்களுக்குக் கடைசிக் கேள்வியின் கனம் தெரியும். அந்தக் கேள்விகளிலிருந்துதான் விமானிகளின் பணி நேரத்துக்கும் அனுபவத்துக்கும் அங்கே புதிய சட்டங்கள் வந்தன. உங்கள் எஃப்.ஐ.ஆர். முடிகிற வரியில் நல்ல விசாரணை தொடங்குகிறது. எனக்குத் தெரிந்த வித்தியாசம் இதுவே.

நம் நாட்டிலும் இப்படி நடந்திருக்கிறது. 2000 ஜூலை 17 அன்று பாட்னாவில் அலையன்ஸ் ஏர் நிறுவனத்தின் போயிங் 737 தரையிறங்க வந்தபோது உயரம் அதிகமாக இருந்ததால், ஒரு சுற்று சுற்றி உயரத்தைக் குறைத்து வர முயன்றார்கள். எஞ்சின்கள் மிகக் குறைந்த விசையில் இருந்தன; வேகம் அனுமதிக்கப்பட்ட அளவுக்குக் கீழே இறங்கியது. எச்சரிக்கை வந்ததும் ஸ்டாலிலிருந்து மீளும் முறையைச் செய்யாமல், தரையிறங்காமல் மேலேறிப் போகும் முறையைத் தொடங்கினார்கள். விமானம் குடியிருப்பின் மீது விழுந்தது. விமானத்தில் 55 பேரும் தரையில் 5 பேரும் இறந்தார்கள். திருப்பத்தில் இறக்கையின் சுமை கூடும் என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்: உயரம் மாறாமல் 60 டிகிரி சாய்ந்து திரும்பும் விமானத்தின் இறக்கை இரண்டு மடங்கு எடையைச் சுமக்கிறது, ஸ்டால் வேகம் நாற்பது சதவீதத்துக்கு மேல் கூடிவிடுகிறது. மீட்க உயரமே இல்லாத இடத்தில் ஸ்டால் ஆனால் சரியான கையும் உதவாது. அங்கே தப்பிக்கும் வழி, அந்த நிலைக்கு வராமலிருப்பது மட்டுமே.

எல்லாவற்றுக்கும் ‘தள்ளு’ என்று மனப்பாடம் செய்துகொள்வதும் ஆபத்தே. 2018 அக்டோபரில் இந்தோனேசியாவிலும் 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவிலும் விழுந்த இரண்டு போயிங் 737 மேக்ஸ் விமானங்களில் 346 பேர் இறந்தார்கள். அங்கே இறக்கை ஸ்டால் ஆகவே இல்லை. தாக்குகோணத்தை அளக்கும் ஒரே ஓர் உணரி தந்த பொய்யான அளவை நம்பி, மென்பொருள் மூக்கை மறுபடி மறுபடி கீழே தள்ளியது. விமானிகள் இழுத்தது சரி, இயந்திரம் தள்ளியது தவறு. அந்த மென்பொருள் இருப்பதையே முதல் விபத்துக்கு முன் விமானிகளுக்குச் சொல்லவில்லை. அப்போதும் ‘அந்த நாட்டு விமானிகளுக்குப் பயிற்சி போதாது’ என்று பேசியவர்கள் இருந்தார்கள். இரண்டாவது விமானம் விழுந்த பிறகும் அந்தப் பேச்சு முழுதாக அடங்கவில்லை.

இனி உங்கள் மகள். அண்ணனின் அச்சத்தை நான் சிறுமையாக நினைக்கவில்லை. ஆனால் பயணிகள் விமானத்தில் ஒரு கை மட்டும் இருப்பதில்லை. உங்கள் மகள் முதல் பல ஆண்டுகள் வலப்பக்க இருக்கையில்தான் இருப்பார். அங்கே அவர் கற்க வேண்டிய கடினமான பாடம் கை சம்பந்தப்பட்டது அன்று, வாய் சம்பந்தப்பட்டது. 1977-ல் டெனரிஃப் ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்ததற்குச் சற்று முன், எதிரே இன்னொரு விமானம் இருக்கிறதோ என்று விமானப் பொறியாளர் கேட்டார். கேப்டன் இல்லை என்று அடித்துச் சொன்னதும் அவர் அடங்கிவிட்டார். பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்று நம் வீடுகளில் பெண்பிள்ளைகளை வளர்க்கிறோம். விமானி அறையில் அந்த வளர்ப்பு உயிரை வாங்கும். ‘வேகம் குறைகிறது’, ‘ஸ்டால்’, ‘கட்டுப்பாட்டை நான் எடுத்துக்கொள்கிறேன்’ என்று கேப்டனின் முகத்துக்கு நேரே சொல்ல அவரால் முடிய வேண்டும். விமானி ஆக விரும்புவதாக உங்களிடமும் பெரியப்பாவிடமும் நின்று வாதாடுகிறார் என்றால், அந்தத் தகுதி ஓரளவு இருக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

பயிற்சிப் பள்ளியைத் தேடும்போது கட்டணத்தையும் விடுதியையும் மட்டும் விசாரித்துவிட்டு வராதீர்கள். வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும். அந்த 200 மணி நேரத்தில் எத்தனை முறை முழு ஸ்டாலுக்குப் போய் மீள்வார்கள், திருப்பத்திலும் இறங்கும்போதும் ஸ்டால் பழக்குவார்களா, விமானம் நிலைகுலைந்து சுழலும்போது மீட்கும் பயிற்சிக்குத் தகுந்த விமானமும் ஆசிரியரும் இருக்கிறார்களா என்று கேளுங்கள். ‘ஹாரன் அடித்ததும் வெளியே வந்துவிடுவோம், அதுவே போதும்’ என்று பதில் வந்தால் அடுத்த பள்ளிக்குப் போங்கள். இந்தக் கேள்விகளை நீங்கள் கேட்பதைவிட மகளே கேட்கட்டும்; பதில் சொல்பவரின் முகத்தை நீங்கள் பாருங்கள், லோடு ஏற்றிவிடுபவர் எடையைக் குறைத்துச் சொல்லும்போது கண்டுபிடிக்கிற கண் உங்களுக்கு உண்டு.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது மருத்துவச் சோதனை. விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் (டி.ஜி.சி.ஏ.) அங்கீகரித்த மருத்துவரிடம் இரண்டாம் வகுப்புச் சோதனையையும், அதன் பிறகு வணிக உரிமத்துக்குத் தேவையான முதல் வகுப்புச் சோதனையையும், எந்தப் பள்ளிக்கும் ஒரு ரூபாய் கட்டுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். நிறங்களைப் பிரித்தறிவதில் குறை இருப்பது பலருக்கு அங்கேதான் முதன்முதலாகத் தெரியவருகிறது. வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கிய பிறகு அது தெரியவரக் கூடாது.